பிறர் வளர்த்த பறவை

குயிலுக்குச் சமஸ்கிருதத்தில் 'பரப்ருத' என்று ஒரு பெயர். பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். தமிழில் அது பரபிருதம். மூலச்சொல்லின் ஈற்று அகரத்தை எடுத்துவிட்டால் 'பரப்ருத்', பிறரை வளர்ப்பது. அது காக்கையின் பெயர்! ஒரு குற்றெழுத்துதான் இரண்டுக்கும் நடுவே. ஒட்டுண்ணியையும் ஓம்புயிரியையும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைத்த பெயர்ச்சோடி வேறொன்றை நான் அறியேன்.

குயில், கோகிலம் என்ற பெயர்கள் குரலைக் கேட்டு வைத்தவை. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இட்ட அறிவியல் பெயரான 'ஸ்கோலோபேசியஸ்' இறகைப் பார்த்து வைத்தது. உள்ளான் போன்றது என்று பொருள், பழுப்பில் புள்ளி தெளித்த பெட்டைக்குப் பொருந்தும். இவற்றுள் பரபிருதம் ஒன்றுதான் மரமேறிக் காக்கைக் கூட்டுக்குள் பார்த்த பெயர்.

அங்கே காக்கையின் முட்டை நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகளோடு கிடக்கும். பக்கத்தில் அதே சாயலில், சற்றே சிறியதாகக் குயிலின் முட்டை. அது சில நாள் முந்திப் பொரியும். குஞ்சு கருமை, வாய்க்குள் சிவப்பு. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே பெரும்பாலும் வளரும்.

ஆனால் இந்தப் பெயர்ச்சோடி எல்லா ஊரிலும் செல்லாது. வங்கதேசத்தில் இதே குயில் கீச்சான் கூட்டிலும் மைனா கூட்டிலும்கூட முட்டையிடுகிறது. மைனா முட்டையில் புள்ளியே கிடையாது, வெறும் நீலம். மைனா கூடு கட்டும் இருட்டுப் பொந்தில் நிறத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே பறவை, இடத்துக்கு இடம் வேறு எதிராளி, வேறு சூழ்ச்சி. இரு உயிரினங்கள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வருவதுதான் கூட்டுப்பரிணாமம். இப்படி ஊருக்கு ஊர் மாறும் அதை மொசைக் தரைக்கு ஒப்பிட்டு, அமெரிக்கச் சூழலியலாளர் ஜான் தாம்ப்சன் 2005-இல் ஒரு முழு நூலே எழுதினார். ஒரு சில்லைப் பார்த்துத் தரை முழுவதையும் சொல்ல முடியாது. பரபிருதமும் பரப்ருத்தும் நம் பக்கத்துச் சில்லு.

ஆஸ்திரேலியாவில் இதன் உறவினமான பசிபிக் குயில் வாழ்கிறது. அங்கும் காக்கை இனங்கள் உண்டு. அது அவற்றை நாடுவதில்லை. பெரிய தேனுண்ணிப் பறவைகளின் கூட்டைத்தான் அது பெரிதும் தேடும். குஞ்சின் போக்கும் வேறு: பொரித்த சில நாளிலேயே மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். வசந்தத்தில் வடக்கிலிருந்து வந்து, மழைக்காலம் நெருங்க இரவும் பகலும் கூவும். அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பெயர்கள் மழைப்பறவை, புயற்பறவை.