ஏ15 நெடுஞ்சாலை: திருகோணமலை–மட்டக்களப்பு
சம்பூரிலிருந்து மூதூர் வழியாகத் தரைமார்க்கமாகத் திருகோணமலைக்குச் செல்வோர் நம்பியிருப்பது இந்த நெடுஞ்சாலையை. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும், பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களில் எழுந்த பாலங்களும் மிதவைப் பாதைக்காகத் துறையில் காத்துக்கிடந்த காலத்தை முடித்துவைத்தன. பயணநேரம் குறைந்தது உண்மை. அதை மட்டும் கொண்டு மேம்பாட்டை அளப்பது பாதிக் கணக்கே. வேலை முடிந்த வீதியில் நடக்கும் விபத்துகளையும் சேர்த்து எண்ணினால் போதும் என வாதிடலாம். ஆனால் பணி நடக்கும் காலம் அந்தக் கணக்கில் விழாது. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்காகப் பழைய பாலம் மூடப்பட்டிருந்த வேளை, 2021 நவம்பர் 23 அன்று அதற்கு மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். இந்தத் தற்காலிக ஏற்பாட்டைப் பாலத் திட்டத்தின் தலையில் கட்டலாமா என்றால், அந்த ஏற்பாட்டைத் தேவையாக்கியதே திட்டம்தான். ஆகவே மாற்றுவழியின் பாதுகாப்பும் அதன் செலவுக் கணக்கில் சேரவேண்டியதே.