துதிக்கை வைத்த 'லை'

குலசேகரன்பட்டினம் என்று இணையத்தில் தேடினால் இப்போது முன்னால் வந்து நிற்பது ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் முத்தாரம்மன் கோயில் தசரா. 1942 அதற்கெல்லாம் பின்னால் எங்கேயோ கிடக்கிறது. 'வெள்ளையனே வெளியேறு' நாட்களில் இந்த ஊர் உப்பளத்தில் லோன் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு விடுதலையானார்கள்.

அந்த வழக்கைப் பழைய புத்தகங்களில் தேடிப் பிடிப்பது லேசில்லை. ஊர்ப்பெயரே ஒன்றல்ல: குலசேகரன்பட்டினம், குலசேகரபட்டினம், உள்ளூர்க்காரர் வாயில் வெறும் குலசை. பெயர் நீளம் என்பதால் அச்சில் வரிக்கடைசியில் உடையும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் 'கொலை'யில் உள்ள லை யானைத் துதிக்கையோடு இருக்கும். அதை எந்திரம் வேறெதுவாகவோ படித்துவிட்டால் 'லோன் கொலை வழக்கு' என்று எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. புத்தகம் இணையத்தில் இருக்கும், ஆனா இல்லாத மாதிரிதான்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் உட்கார்ந்து கையால் தட்டச்சினார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை விக்கிமூலத்துக்குத் தந்தபோது அந்த வழி போதவில்லை. அத்தனையையும் யார் தட்டச்சுவது?

கூகுள் 2015-இல் 200-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு எழுத்துணரி வசதியைத் தன் டிரைவில் திறந்திருந்தது. த. சீனிவாசன் பைத்தானில் ஒரு கட்டற்ற நிரல் எழுதினார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும், மேகத்துக்கு அனுப்பும், திரும்பி வரும் எழுத்தை விக்கிமூலப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடும். அவ்வளவுதான் வேலை. மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைப் 'பசை' என்று அலட்சியமாகச் சொல்வோம். தமிழில் அந்தப் பசைக்காகத்தான் நூல்கள் காத்திருந்தன.

ஆனால் நிரல் நம்முடையது, படிக்கிற கண் கூகுளுடையது. நாளைக்கு அவர்கள் கட்டணம் கேட்கலாம், வசதியை மூடலாம். நமக்குக் கேட்க நாதியில்லை. மாற்றாக டெசராக்ட் இருக்கிறது. 1980-களில் எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005-இல் திறமூலமானது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பியல் வலையமைப்பு சேர்ந்தது. அதற்குத் துதிக்கை லையைச் சொல்லித்தர வேண்டுமானால் பக்கப் படமும் பிழையற்ற எழுத்தும் சோடியாக வேண்டும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்கள், அதற்கென்று உட்காராவிட்டாலும், அந்தச் சோடிகளைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. தொடப்படாதவை சிவப்பு. அந்தச் சிவப்பு இன்னும் ஏராளம்.