மாநகரில் மாணவனுக்கு ஓர் அறை

நம் வீட்டுப் பிள்ளையொருவன் மேற்படிப்பின் பொருட்டுப் பட்டணம் செல்கின்றான் என்றால், கல்லூரியில் இடம் கிடைத்ததா என்று வினவுவோர் பலர். இரவில் தலை சாய்க்க இடம் கிடைத்ததா என்று வினவுபவள் அவனைப் பெற்றவள் ஒருத்தியே. நம் சங்கத்தார் மாணவர் விடுதியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் வாடகை, அரிசி, விறகு இவற்றின் கணக்கே முன்னே வந்து நிற்கின்றது. இடங்கொடுப்பவர் என்ன நிபந்தனையின்பேரில் கொடுக்கின்றார் என்பதைப் பற்றி நாம் அதிகமாய் யோசிப்பதில்லை. லண்டன் மாநகருக்குப் படிக்கச் சென்ற இந்திய மாணவர்களின் சரித்திரம் இவ்விஷயத்தில் நாம் அறியத்தக்கது.

1888-ஆம் வருஷம் பாரிஸ்டர் படிப்புக்குப் புறப்பட்ட காந்தியடிகளுக்கு அப்போது பத்தொன்பது வயது நிரம்பவில்லை. பம்பாயில் அவருடைய மோத் பனியா ஜாதியார் கூட்டங்கூடிக் கடல் கடத்தல் ஆகாதென்று தடுத்தனர். அவர் இணங்காமையால் ஜாதிப்பிரஷ்டம் செய்தனர். அவருக்கு உதவி செய்பவரும், துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புபவரும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் செலுத்தவேண்டும் என்பது ஜாதித் தலைவரின் கட்டளை. ஜாதிச் சங்கமொன்றின் பத்திரிகையில் இதனை எழுதச் சிறிது கூச்சமாகவே இருக்கின்றது; ஆயினும் மறைப்பதற்கில்லை. அம்மாணவருக்கு முதற்கதவை அடைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர்.

லண்டனில் முதலில் ஒரு ஹோட்டலில் தங்கினார். அங்கே மூன்று பவுன் கணக்குச் சீட்டைக் கண்டு திகைத்துப் போனார். பின்னர் டாக்டர் மேத்தா என்பவரின் யோசனைப்படி ரிச்மண்டில் ஒரு நண்பருடன் ஒரு மாதம் கழித்து, மேற்குக் கென்ஸிங்டனில் விதவை அம்மையார் ஒருவரின் இல்லத்தை அடைந்தார். புலாலுண்பதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்துப் போனவர். அவருக்கு எதைச் சமைத்துப் போடுவதென்று அவ்வம்மையாருக்கு விளங்கவில்லை. இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்குமேல் கேட்க இவருக்கு நாணம். வீட்டுக்காரியின் பெண்மக்கள் இருவரும் சில வேளைகளில் ஒரு துண்டு அதிகமாக வைப்பார்களாம். பசி தீர உண்ண ஓரிடம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, கடைசியில் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டார். அங்கே வாங்கிய சிறு நூல் ஒன்று, தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக விலக்கிவந்த புலாலை அவர் தம் கொள்கையாகவே விலக்கும்படி செய்தது. பிற்பாடு, போகவேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்தே செல்லக்கூடிய அறையாகப் பார்த்து எடுத்தார். வண்டிச் சத்தம் மிச்சமாயிற்று, தேகமும் வலுத்தது. இறுதியில் அடுப்புடன் கூடிய ஒற்றை அறையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக் குடித்து, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவுச் செலவை முடித்துக்கொண்டார். 1891-இல் பாரிஸ்டராய்த் திரும்பியபின்பும் ஜாதியாரில் ஒரு பகுதியார் அவரை விலக்கியே வைத்திருந்தனர். தமக்கையார் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் அவர் தண்ணீர்கூட அருந்துவதற்கில்லை.

அவருக்குப்பின் சென்றவர்கள் பெருகப்பெருக, லண்டன் வீட்டுக்காரிகளின் தயவையே நம்பியிருப்பது இயலாததாயிற்று. நிறத்தைக் கண்டதும் அறை காலியில்லை என்று சொல்லிவிடுவோர் அங்கே ஏராளம். வீட்டு விஷயத்தில் நிறபேதம் காட்டலாகாது என்று அந்நாட்டில் சட்டம் பிறந்தது 1968-இலேதான். 1905 ஜூலை 1-ஆந் தேதி சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்னும் கூர்ஜர தேசத்துப் பண்டிதர் ஹைகேட் பகுதியில் ஏறத்தாழ இருபத்தைந்து மாணவர்கள் தங்கத்தக்க ‘இந்தியா ஹௌஸ்’ என்னும் விடுதியைத் திறந்தார். அவர் அளித்த உபகாரச் சம்பளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: பெறுபவர் ஆங்கில அரசாங்கத்தில் உத்தியோகம் ஏற்கலாகாது. ரங்கூனில் வக்கீலாயிருந்து 1907-இல் லண்டன் சென்ற நம் வரகனேரி வ. வே. சு. ஐயர் அவ்விடுதியில் வாழ்ந்தார், சாவர்க்கரின் தோழரானார். சட்டம் படிக்கச் சென்றவர் புரட்சிக்காரராக மாறியது அவ்வீட்டில்தான். 1909 ஜூலை 1-ஆந் தேதி மதன்லால் திங்க்ரா கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றபின் விடுதி நிலைக்கவில்லை.

அதன்பின் மாணவர்களுக்கு இடந்தேடிக் கொடுக்கும் வேலையை அரசாங்கமே மேற்கொண்டு, குரோம்வெல் சாலையில் 21-ஆம் எண் வீட்டில் புதிதாய் வருவோர் தங்க ஏற்பாடு செய்தது. தங்கியவர்களில் பலர் அதனை வேவு பார்க்கும் வீடென்றே ஐயுற்றனர். 1920-இல் நம் சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்களின் முயற்சியால் ஒய். எம். சி. ஏ. சங்கத்தின் இந்திய மாணவர் விடுதி லண்டனில் ஏற்பட்டது. கிறிஸ்தவர் நடத்திய அவ்விடுதியில் எம்மதத்து மாணவரும் தங்கலாயிருந்தது. 1940-இல் ஜெர்மானியர் குண்டுவீச்சில் அக்கட்டடம் சேதமுற்றும் விடுதி அழியவில்லை. பிட்ஸ்ராய் சதுக்கத்தில் வேறு மனை எழுப்பிக்கொண்டது.

ஐயரின் பிற்சரித்திரத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. அவர் ஊர் திரும்பிச் சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்றை நடத்தினார். பல ஜாதிப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் பயின்றனர். காங்கிரஸும் பொருளுதவி செய்தது. பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே அன்னம் இட ஐயர் சம்மதித்திருந்தார். அவர்களின் பெற்றோர் வேண்டிக்கொண்டதே காரணம் என்றார். இச்செய்தி வெளிவந்ததும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் கிளப்பிய கண்டனம் 1924, 1925-ஆம் வருஷங்களில் தமிழ்நாடெங்கும் பரவிற்று. ‘இந்தியா ஹௌஸி’ல் வாழ்ந்த மனிதர் இரண்டு இலைகளைத் தனியே போடச் சம்மதித்தது எப்படி என்பது நமக்கு இன்றும் விளங்காத விஷயம். 1925-இல் ஐயர் குருகுலப் பொறுப்பினின்று விலகினார். அவ்வருஷம் ஜூன் மாதத்திலேயே பாபநாசத்தில் நீரில் விழுந்த மகளை மீட்கப் பாய்ந்து அவரும் மாண்டார்.