தீவகத்துக்கு ஒரு கத்தி

வெளிநாட்டிலிருந்து ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பக்கம் செல்லும் இளையவர்கள், வெளியில் தங்க எந்தக் கத்தி நல்லது என்று கேட்கிறார்கள். கொடுவாக்கத்தியும் சத்தகமும் போதும் என்பேன்.

தீவகம் பனை நாடு. ஒல்லாந்தர் காலத்தில் (1658–1795) யாழ்ப்பாணத்துப் பனைமரம் கடல் கடந்து விலைபோயிற்று. அந்தப் பனையோடு பழகியே நம் கத்திகள் உருப்பெற்றன. மட்டை வெட்டவும் விறகு பிளக்கவும் கனத்த கொடுவாக்கத்தி. ஓலை வார மெல்லிய சத்தகம். உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

1990களின் தொடக்கத்தில் போர் தீவக மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயர்த்தது. அவர்களோடு கைப்பழக்கமும் பெயர்ந்தது. ஆகவே கத்தியை ஊர்க் கொல்லரிடமே வாங்குங்கள். பிடிக்கும் முறையை ஊர் முதியவரிடம் கேளுங்கள். பச்சைப் பனையில் பழகாதீர்கள். விழுந்த மட்டையே போதும்.