கடலைக் காட்டாத கடற்கரைச் சாலை: நாயுடுபேட்டை வழியே ஒரு வரலாற்றுக் குறிப்பு

2025 மார்ச் 7 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் மிதிவண்டிக் குழுக்கள் இரண்டு, நாட்டின் இரு முனைகளிலிருந்து புறப்பட்டன. ஒன்று குஜராத்தின் லக்பத்திலிருந்தும் மற்றொன்று மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்தும் கிளம்பி, மார்ச் 31 அன்று கன்னியாகுமரியில் இணைந்தன. 14 பெண்கள் உட்பட 125 வீரர்கள், 25 நாட்கள், 6,553 கிலோமீட்டர். கடல்வழிக் கடத்தல் குறித்துக் கரையோர மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவதே பயணத்தின் நோக்கம். கோடை தொடங்கும் வேளையில் கடலோரமாக மிதிவண்டிகள் அணிவகுத்துச் செல்லும் காட்சி கண்ணுக்கு இனியதுதான். ஆயினும் அது வரலாற்று மாணவர் முன் ஒரு கேள்வியை வைக்கிறது: கடற்கரைச் சாலை என நாம் அழைக்கும் சாலை, உண்மையில் கடற்கரையைத் தொடுகிறதா?

நெல்லூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பகுதியில் இதற்கான விடை தெளிவாகத் தெரிகிறது. தேசிய நெடுஞ்சாலை 16 அங்கே கூடூர், நாயுடுபேட்டை, சூளூர்ப்பேட்டை, தடா என உள்நாட்டு ஊர்களின் வழியே செல்கிறது. பொன்முகலி எனத் தமிழில் வழங்கும் சுவர்ணமுகி ஆற்றங்கரை ஊரான நாயுடுபேட்டையிலிருந்து கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மிதிவண்டியில் செல்பவருக்கு அங்கே அலையோசை கேட்பதில்லை; சரக்குந்துகளின் இரைச்சலே துணை.

சாலை இவ்வாறு விலகிச் செல்வதற்கு முதன்மைக் காரணம் பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இது, சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குச் சமவெளிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. மணலும் சேறும் கழிமுகங்களும் நிறைந்த இக்கரையில் சக்கரம் உருள்வது அரிது. 1899-இல் சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்த இருப்புப்பாதையும் உள்நாட்டு வழியையே தேர்ந்துகொண்டது.

ஆனால் இக்கரைக்குப் பாதையே இல்லாமல் இருந்ததில்லை. அது நீரில் இருந்தது. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். ஆங்கிலேயர் 1626-இல் துகராஜபட்டினத்தில், அவர்கள் ஆர்மகான் என்றழைத்த இடத்தில், பண்டகசாலை அமைத்தனர். அங்கே தலைமைப் பொறுப்பு வகித்த பிரான்சிஸ் டே, துணி வணிகத்துக்கு மேலும் உகந்த இடத்தைத் தேடித் தெற்கே வந்ததன் விளைவே 1639-இல் சென்னைப்பட்டினத்துக்கான தொடக்கம். சென்னையின் வரலாறு எழுதப்படும்போது இந்த முன்கதை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் அந்த நீர்ப்பாதை நிலையான வடிவம் பெற்றது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கே நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி பழவேற்காட்டு ஏரியின் கிழக்கோரமாக, ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிச் செல்கிறது. விறகும் உப்பும் அதன் வழியே சென்னை சேர்ந்தன. நகரத்து அடுப்புகள் எரிந்ததில் பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் உழைப்பும், படகோட்டிகளின் உழைப்பும் கலந்திருந்தன.

இருப்புப்பாதையும் சாலையும் சரக்கை ஈர்த்துக்கொண்டன. 1965–66, 1976 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது, அத்தீவின் காட்டை நம்பி வாழ்ந்த யானாதி மக்கள் இடம்பெயர நேர்ந்தது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணை நோக்கிச் சென்றது. 2008-இல் கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதிலும் பழைய படகுப் போக்குவரத்து மீளவில்லை.

நீர்வழி தளர்ந்ததும் கரையோர ஊர்கள் பயணிகளின் பார்வையிலிருந்து மறைந்தன. ஒரு காலத்தில் வழியிலேயே இருந்த துகராஜபட்டினம், இன்று நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிச் சென்று தேட வேண்டிய ஊர். கரையை அறியப் புறப்படும் எந்தப் பயணத்துக்கும் ஆய்வுக்கும் இது பொருந்தும். வழி நெடுஞ்சாலையோடு முடிந்துவிட்டால், அறியப்படுவது கரை அன்று. கரையிலிருந்து விலகிச் செல்லும் சாலை மட்டுமே.