அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

தேசத்துக்குப் பெருந்துக்கம் நேர்ந்த ஒரு நாளைப் பற்றிப் பேச்சு எழட்டும், ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர், "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவார். உடனே சபையில் உற்சாகம் பிறந்துவிடும். ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

இந்தக் கேள்வி மிகப் பழையது. அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1865-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது வருஷங்களுக்குமேல் கழித்து, கோல்குரோவ் என்ற ஆராய்ச்சியாளர் 179 பேரிடம், அந்தச் செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தார். 127 பேர் இடத்தையும் பொழுதையும் விவரமாகச் சொன்னார்களாம். 1899-ல் அவர் அதைப் பிரசுரித்தார்.

எங்கள் விருத்தாசலத்தில் இந்தக் கேள்விக்கு உரிய தேதிகள் இரண்டு. முதலாவது, 1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி எங்கள் ஜங்ஷனைக் கடந்து தெற்கே போயிற்று. விடியற்காலையில் அரியலூரைத் தாண்டியதும், வெள்ளத்தில் வலுவிழந்திருந்த மருதையாற்றுப் பாலம் இடிந்து, எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்தார்.

நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் தெருப் பெரியவர்களில் பாதிப் பேர், அந்த வண்டி ஊதிக்கொண்டு போனதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டதாகச் சொல்வார்கள். அடைமழைக் காலத்துப் பின்னிரவில் இத்தனை பேரா விழித்திருந்தார்கள்? கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. தினந்தோறும் போகிற வண்டி. தினந்தோறும் கேட்கிற ஊதல். விடிந்தபின் வந்த செய்திதான் அன்றைய ஊதலைத் தனியே பிரித்து அவர்கள் நெஞ்சில் வைத்தது.

இரண்டாவது தேதி, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையை அடைந்துவிட்டது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் மாத்திரம் 6,000-க்கு மேல். எங்கள் கடலூர் மாவட்டத்தில் 600-க்கு மேல்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. செராமிக் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சூளைக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. சுட்டு ஆறிய பியூஸ் பீங்கான்களை எண்ணிக்கொண்டிருந்தபோது டீ கொண்டுவந்த பையன், "கடலூருக்குள்ள கடல் வந்துடுச்சாம், அண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் பீங்கான் பொம்மைக் கூடையுடன் முந்தின நாள்தான் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தான். கையிலிருந்ததை மெள்ளத் தரையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.

மூன்றாம் நாள் அவன் வெறுங்கையோடு திரும்பினான். அன்று பட்டறையிலிருந்த நாங்கள் ஒவ்வொருவரும் எங்கே நின்றோம், என்ன செய்தோம் என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவன் சொல்வதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

1986 ஜனவரி 28-ல் 'சாலஞ்சர்' விண்கலம் வானில் சிதறியபோது, உல்ரிக் நைசர் என்ற மனோதத்துவ நிபுணர் மறுநாளே மாணவர்களிடம் அவரவர் அனுபவத்தை எழுதி வாங்கினார். இரண்டரை வருஷங்கள் கழித்து மறுபடியும் கேட்டார். பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள். அதையும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் பழைய கையெழுத்தைக் காட்டியும் முதல் ஞாபகம் திரும்பவில்லை.

மண் வேலை தெரிந்த ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பச்சை மண் கை படக் கை படக் கோணும். சூளையில் வெந்தபின் அந்தக் கோணலே நிலைத்துவிடும். ஞாபகமும் சொல்லச் சொல்லத்தான் உருவாகிறது. ஆகவே சரித்திரம் எழுதப் போகிறவர்கள் எங்களைப் போலச் சரளமாகப் பேசுகிறவர்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. பேசாமல் எழுந்து போகிறவன் ஒருவன் உண்டு. அவனுக்காகவும் ஏட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டுவைக்க வேண்டும்.

என்னை யாரும் கேட்டால், "விருத்தாசலத்தில் இருந்தேன்" என்றுதான் சொல்கிறேன். கடலுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பத்திரமாக இருந்தேன் என்பதே அதற்குப் பொருள்.