அரைஞாணும் ஒரு பிடி உப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த என் பெரியப்பாவைச் சிங்கப்பூரிலிருக்கும் அவர் மகனிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. மரக்காணத்து உப்பளத்தில் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர். விமானம் என்பதைத் தலைக்கு மேலே பார்த்தாரேயன்றி ஏறியறியாதவர். பாதுகாப்புச் சோதனையில் உலோகம் காட்டும் வாயிலைக் கடந்தபோது அது கத்தியது. இடுப்பிலிருந்த அகலமான பச்சை பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். மீண்டும் கத்தியது. கைக்கருவியை வைத்துத் தடவிய காவலர் வேட்டி முடிச்சுக்கருகே நிறுத்தி, சைகையால் அதைத் தளர்த்தச் சொன்னார். உள்ளே இருந்தது வெள்ளி அரைஞாண். அதையும் அவிழ்க்கச் சொன்னபோதுதான் பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அத மட்டும் கேக்காதீங்க ஐயா" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆணின் அரைஞாணை அறுப்பது அவன் பிணமான பிறகுதான். காவலருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வேறு மாநிலத்தவர். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினேன். வேறோர் அதிகாரி வந்து, திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். மொத்தமே ஐந்து நிமிடம். யாரும் கடுஞ்சொல் பேசவில்லை. ஆயினும் காத்திருப்புக் கூடத்தில் வந்து அமர்ந்த பெரியப்பா நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "எங்கப்பாவ சால்ட் ஆபீஸ்காரன் இப்பிடித்தான் நிக்க வெச்சு உதறச் சொல்லுவானாம். அவரு உப்பு எடுத்திருப்பாரோன்னு சந்தேகம். நான் என்னத்த எடுத்தேன்?"

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

மரக்காணத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் கடந்தவர்கள் சாலையோரம் வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பார்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். ஊரின் மேற்கே கழுவெளி என்னும் பெருஞ்சதுப்பு. வடக்கே ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. சென்னைக்கு உப்பு ஒரு காலத்தில் இக்கால்வாயில் படகேறிச் சென்றது. இன்றும் சென்னை மத்திய நிலையத்துக்கருகே 'சால்ட் கோட்டர்ஸ்' என்றொரு இடம் உண்டு. யாரோ ஆங்கிலேயர் குடியிருந்த குவார்ட்டர்ஸ் என்று நான் பல காலம் எண்ணியிருந்தேன். நம் 'கொட்டாரம்' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்து கிடக்கிறது. உப்பைக் கொட்டிப் பூட்டி வைத்த இடம்.

பூட்டியது கும்பினி அரசு. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையானது. உப்பை விளைவிப்பவன் அதை அரசுக்கே தர வேண்டும். அதற்கு அவனுக்குக் கிடைத்தது குடிவாரம் என்னும் சிறு தொகை. விற்பனை விலையை அரசு வைத்தது. பின்னாளில் தனியுரிமையோடு தீர்வை முறையும் சேர்ந்துகொண்டது. உப்பின்மீது அரசின் பிடி மட்டும் தளரவில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டால் பிடியின் தன்மை விளங்கும். 1888 முதல் 1903 வரை உப்பு வரி மணங்கொன்றுக்கு இரண்டரை ரூபாய். மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. நாற்பது அணாவை முப்பத்தேழு கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு ஓர் அணாவுக்குச் சற்று மேல் வரி. ஒரு மணங்கை விளைவிக்க ஆகும் செலவோ சில அணாக்கள்தாம். காலடியில் இலவசம்போலக் கிடக்கும் பொருள், வேலியைத் தாண்டியவுடன் பல மடங்கு விலையாகிறது. இத்தகைய பொருளுக்குக் காவல் போடுவதென்றால் மனிதர்களின் இடுப்பையும் மடியையும் முண்டாசையும் காவல் காக்க வேண்டியிருக்கும். வேறு வழியே இல்லை. ஏனெனில் ஏழை உப்பைக் கொண்டுபோவது வண்டியில் அன்று, துணியில்.

கோடையில் கழுவெளி போன்ற சதுப்புகளின் ஓரங்களில் நீர் வற்றி உப்பு தானாகவே பூத்து நிற்கும். அதையும் சுரண்டி எடுத்தல் குற்றம். தானாய் விளைந்த உப்பைச் சேற்றில் மிதித்து அழிப்பது மாகாணத்தில் உப்புத் துறை ஊழியரின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. வேதாரண்யத்துச் சதுப்பில் இது பெரிய அளவில் நடந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து சென்றது அந்த வேதாரண்யத்துக்குத்தான். அங்கே தொண்டர்கள் கைக்குள் இறுகப் பற்றியிருந்த உப்பைப் போலீசார் அடித்து விரல்களைப் பிரித்தெடுக்க முயன்றனர். உப்புச் சத்தியாகிரகத்தை வரி எதிர்ப்பாகவே நாம் படிக்கிறோம். மூடிய கைக்குள் நுழைய அரசுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி - இர்வின் உடன்பாடு, உப்பு விளையும் ஊர்களில் உள்ளோர் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ள இடமளித்தது. ஊர் எல்லைக்கு வெளியே விற்றால் மீண்டும் குற்றம்தான். ஆக எல்லையில் சோதனை தொடர்ந்தது. 1947-இல்தான் உப்பு வரி நீங்கியது.

பெரியப்பா தம் தந்தையிடம் கேட்ட கதை அந்தக் கடைசி ஆண்டுகளுக்கு உரியது. மாலையில் அளத்தைவிட்டு வெளியேறும் ஆண்கள் முண்டாசை அவிழ்த்து உதற வேண்டும், வேட்டி மடிப்பைக் காட்ட வேண்டும். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அதற்குமேல் ஐயம் எழுந்தால், சோதிக்க ஒரு பெண்ணைக் கூட்டி வரும்வரை இருட்டானாலும் காத்திருக்க வேண்டும். குடும்ப வாய்மொழி ஆவணமாகாது என்பதை நான் அறிவேன். ஆயினும் காத்திருக்க வைத்தார்கள் என்ற அந்தக் கடைசிச் செய்தி என்னைச் சட்டப் புத்தகத்தின் பக்கம் திருப்பியது.

வடக்கே நடந்ததை நண்பர்கள் அறிவீர்கள். ராய் மாக்சம் எழுதி, சிறில் அலெக்ஸ் தமிழாக்கிய 'உப்பு வேலி' நம் வட்டத்தில் பலர் படித்த நூல். உப்புக் கடத்தலைத் தடுக்க நாட்டின் குறுக்கே ஈராயிரம் மைலுக்கும் மேலாக நீண்டு, 1870-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 12,000 பேர் காத்து நின்ற சுங்க எல்லை அது. அதன் ஒரு பகுதியில் உயிருள்ள முள்வேலி. 1879-இல் அது கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1878-இல், துறைமுகங்களுக்கான கடற்சுங்கச் சட்டம் இயற்றப்பட்டது. உடற்சோதனையைப் பொறுத்தமட்டில் அச்சட்டத்தில் மூன்று செய்திகள் முக்கியம். ஒருவரைச் சோதிக்க அதிகாரிக்குத் தக்க ஐயம் இருக்க வேண்டும். சோதிக்கப்படுபவர், 'முதலில் என்னை மேலதிகாரியிடமோ நீதித்துறை நடுவரிடமோ கொண்டுபோ' என்று கேட்கலாம். பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கைதான பெண்ணை மற்றொரு பெண்ணே, நாணம் கெடாதவாறு, சோதிக்க வேண்டும் என்றது. 1962-இல் சுதந்திர இந்தியா இயற்றிய சுங்கச் சட்டம் இந்த மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்று சென்னை விமான நிலையத்தில் தங்கக் குருவிகளைப் பிடிக்கும் அதிகாரியும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரே. உடலுக்குள் ஒளித்ததைக் கண்டறிய எக்ஸ்-ரே எடுப்பதானால்கூட, ஆள் தானாக ஒப்புக்கொண்டாலன்றி, நடுவரின் அனுமதி வேண்டும்.

அந்நிய அரசு தன் வருவாய்க்காக எழுதிய சட்டத்தில் இத்தனை நாகரிகம் எப்படி வந்தது? கருணையால் அன்று என்பதே என் எண்ணம். துறைமுகத்தில் இறங்குவோரில் வெள்ளையரும் வணிகரும் இருந்தனர். அவர்களை உதறச் சொல்ல முடியாது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டதால் அளத்துக் கூலிப் பெண்ணுக்கும் அதில் ஓரிழை கிட்டியது. 'நடுவரிடம் கொண்டுபோ' என்று கேட்கும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வரும்? ஆனாலும் ஒரு பெண் வரும்வரை அவளைத் தொடாமல் காத்திருக்க வைத்தார்களே, அந்தக் காத்திருப்பு அந்த இழைதான்.

மரக்காணத்துக்காரர்களுக்கு எல்லை என்பது உப்போடு முடியவில்லை. தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி. 1815-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர் தம் உப்பை ஆங்கிலேயருக்கே விட்டுக்கொடுக்க, ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் பெற்றனர். 1818-இல் அங்கே உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. தீர்வையற்ற பண்டங்கள் புதுவையிலிருந்து கசிவதைத் தடுக்கச் சாவடிகள் இருந்தன. 1941-இல் இரு பகுதிக்கும் சுங்க ஒன்றியம் ஏற்பட்டுச் சிறிது தளர்ந்து, 1949-இல் அது முறிந்தபோது மீண்டும் கெடுபிடி. 1954 நவம்பரில் புதுவை இந்தியாவோடு சேர்ந்ததும் சுங்கச் சாவடி ஓய்ந்தது. மதுவிலக்குச் சாவடி ஓயவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்துவிட்டிருந்தது. இன்று மதுவிலக்கு இல்லாவிடினும், புதுவையில் வரி குறைவு என்பதால், பாட்டில்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேருந்தேறுவோர் பிடிபடும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் உப்புக்கும் சாராயத்துக்கும் சென்னை மாகாணத்தில் ஒரே துறை இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பொருள் மாறியது, சாலையும் இடுப்பும் மாறவில்லை.

விமான நிலையம் இவற்றிலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. உப்பிலும் தங்கத்திலும் அரசு தேடியது தன் வருவாயை. விமான நிலையத்தில் தேடுவது உயிருக்கு ஊறு செய்யும் பொருளை. இதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள்ளிருந்த குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் மாண்டனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ஆடைக்கடியில் கட்டியிருந்த குண்டு ராஜீவ் காந்தியையும் உடனிருந்தோரையும் கொன்றது. ஆடைக்குள் ஆயுதம் என்ற அச்சத்தை உலகுக்குக் கற்பித்தவற்றுள் நம் மண்ணில் நடந்ததும் ஒன்று. 1999 டிசம்பரில் காத்மாண்டு விமானம் கடத்தப்பட்ட பின், 2000 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை நம் விமான நிலையங்களை ஏற்கத் தொடங்கியது. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்துக்கொண்டு அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறினான். 2006 முதல் அமெரிக்காவில் எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2009 கிறிஸ்துமஸ் அன்று வேறொருவன் உள்ளாடைக்குள் வைத்திருந்தான். ஆடையை ஊடுருவிப் பார்க்கும் கருவிகள் பெருகின. காலணி விதியை அமெரிக்கா 2025 ஜூலையில்தான் கைவிட்டது.

எனவே சோதனை வேண்டுமா என்பதன்று என் வினா. சுங்கச் சட்டத்திலிருந்த 'தக்க ஐயம்' என்ற சொல் விமான நிலைய வரிசையில் பொருளிழந்து போகிறது. அங்கே எல்லோரும் ஐயத்துக்குரியோர். மேலதிகாரியிடம் கொண்டுபோகச் சொல்லும் உரிமையும் நடைமுறையில் மங்கிவிடுகிறது. கழற்ற மறுப்பவர் பறக்க முடியாது, அவ்வளவே. உப்பளத்துக் கூலி அன்றாடம் இருந்த நிலைக்கு விமானச் சீட்டு வாங்கக் கூடிய அனைவரும் வந்து சேர்ந்திருக்கிறோம்.

அனைவரும் என்பது மிகை. இந்தியாவில் சோதனை விலக்குப் பெற்றோர் பட்டியல் ஒன்று உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர்கள் அதில் அடங்குவர். 2009 ஏப்ரலில் தில்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனம் அப்துல் கலாமைத் தடவிச் சோதித்தது. மூன்று மாதம் கழித்துச் செய்தி வெளியானதும் நாடாளுமன்றம் கொதித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் அமர்ந்துவிட்டிருந்த அவரிடமிருந்து மேற்சட்டையையும் காலணிகளையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் நம் தூதர் மீரா சங்கர் தனியே நிறுத்தித் தடவப்பட்டார். காரணம் அவர் உடுத்தியிருந்த சேலை என்று கூறப்பட்டது. சேலை ஒளித்து வைப்பதற்கான ஆடையாகத் தெரியும் கண் ஒன்று உலகில் உண்டு என்பதை அன்று பலர் வியப்போடு அறிந்தனர். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டிய எங்களூர்ப் பெண்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

கலாம் தாமாகக் குறை கூறவில்லை என்பது பலருக்கு நினைவிருக்கும். அதைப் பெருந்தன்மை என்று எழுதினார்கள். மெய்தான். ஆனால் நடனமணி சுதா சந்திரனின் குரல் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1981-இல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மீண்டும் ஆடியவர். ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அவர் காணொளியில் முறையிட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கோரியது. கழற்றக் கூடியதெல்லாம் ஆடையா? 2023 சனவரியில் பெங்களூரு விமான நிலையத்தில் தம் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள் என்று ஓர் இளம்பெண் ட்விட்டரில் எழுதினார். விமான நிலையம் வருத்தம் தெரிவித்தது. முறையிடத் தெரிந்தவருக்கு வருத்தம் கிடைக்கிறது. பெரியப்பாவுக்கு முறையிடத் தோன்றவே இல்லை.

சிங்கப்பூரில் இரண்டு மாதம் இருந்தார். திரும்புவதற்கு முந்தின நாள் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி, ஒரு கடையில் கறுப்புக் கயிறு வாங்கினாராம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதன் பிறகே வெள்ளி அரைஞாணை அவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்ததாக அவர் மகன் தொலைபேசியில் சொன்னான். இடுப்பு ஒரு நொடியும் வெறுமையாக இருந்துவிடக் கூடாதல்லவா. சென்னையில் இறங்கி வீடு வந்ததும் இரண்டையும் முறை மாற்றிக் கட்டிக்கொண்டார். கயிறு இன்னும் அந்தப் பெட்டியில் கிடக்கிறது.